கிட்டார் வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

1999 இல் வந்த 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ' படத்தின் முடிவை என்னால் ஏற்கவே முடியவில்லை. என் கணவருக்கோ அந்த முடிவுதான் ஆகப் பிடித்த இடம். சனிக்கிழமை இரவு பார்த்ததிலிருந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இதே கதைதான்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சியாட்டிலில் ஒரு பள்ளிக்கூடம். அக்கா கேட், தங்கை பியான்கா. அக்கா ஒருவனோடு வெளியே போகும்வரை தங்கையும் போகக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். தங்கை மேல் கண் வைத்த ஜோயி, அக்காவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி பாட்ரிக் என்ற பெடியனுக்குக் காசு கொடுக்கிறான். காசுக்காகத் தொடங்கியது காதலாகிவிடுகிறது. மூலம் ஷேக்ஸ்பியரின் 'த டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகம். சிவாஜியும் பானுமதியும் நடித்த 'அறிவாளி'யும் அதிலிருந்து வந்ததுதான்.

என் கணவருடைய கட்சி இது. நாடகத்தின் கடைசியில் கதாநாயகி கத்தரீனா, புருஷனுக்கு அடங்கி நடக்கச் சொல்லி மற்றப் பெண்களுக்குப் பிரசங்கமே செய்கிறாள். படத்துக் கேட் அடங்கவில்லை, அவள் வாயும் குறையவில்லை. அது உண்மை. வகுப்பில் கவிதை வாசித்துக்கொண்டே, கேட்டாக நடித்த ஜூலியா ஸ்டைல்ஸ் உடைந்து அழும் இடத்தில் நானும் அழுதேன். அந்த அப்பா, மகள் விரும்பிய தூரத்துக் கல்லூரிக்குக் காசோலை அனுப்பிவிட்டேன் என்று சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கியது. எங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அது எனக்கு விளங்குகிறது.

என் கோபம் அந்தக் காசில்தான். பியான்காவை வைத்து ஜோயி நண்பர்களோடு பந்தயம் பிடித்திருக்கிறான். நடன விருந்தில் அவள் அவனுக்கு விடும் குத்தைப் படம் கொண்டாடுகிறது. அதே இரவுதான் கேட்டுக்கும் உண்மை தெரிய வருகிறது. பந்தயம் பிடித்தவனுக்குக் குத்து, காசு வாங்கியவனுக்கு முத்தம். இது என்ன நியாயம்? பாட்ரிக் அந்தக் காசிலேயே ஒரு கிட்டார் வாங்கி கேட்டின் காரில் வைத்துவிடுகிறான். ஒவ்வொரு தடவை பிழை விடும்போதும் கிட்டார் வாங்கித் தந்து தப்ப முடியாது என்கிறாள் அவள். எவ்வளவு சரியான பேச்சு! அதற்கு அவன், ட்ரம்ஸ் இருக்கிறது, பேஸ் இருக்கிறது என்று பகிடி விடுகிறான். அப்புறம் முத்தம், படம் முடிந்தது.

நான் ஏ.எல். (உயர்தரம்) படித்த காலத்தில், ரியூசன் விட்டு வரும் நேரம் பார்த்துச் சில பெடியன்கள் இப்படிப் பந்தயம் பிடிப்பார்கள். இன்னாரை இந்தக் கிழமைக்குள் கதைக்க வைக்கிறேன் என்று. பந்தயப் பொருள் ரோல்ஸும் பிளேன்டீயும். என் சிநேகிதி ஒருத்தி, அப்படிப் பந்தயம் பிடித்த ஒருவன் எழுதிக் கொடுத்த துண்டை இரசாயனவியல் கொப்பியின் பிரவுன் பேப்பர் உறைக்குள் மடித்து வைத்திருந்தாள். விஷயம் தெரிந்த பிறகு அவள் அந்த வகுப்புக்கு வரவே இல்லை. அவன் கடைசி வரை முன் வாங்கில் இருந்து படித்தான்.

இதைச் சொன்னால் இவர், "பாட்ரிக் கேட்டை உண்மையாக விரும்பினான்தானே. சின்னப் பெடியன். நீர் அந்தக் காசையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்" என்கிறார்.

விரும்பியதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடன விருந்துக்கு வரச் சொல்லி அவன் வற்புறுத்தும் காட்சியைப் பாருங்கள். இதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட் நேராகவே கேட்கிறாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நேரம் அவன் அவளை உண்மையாகவே விரும்புகிறான். அப்படியிருந்தும், உன்னோடு இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டுமா என்று அவள் மேலேயே பாய்கிறான், அவளுக்குத்தான் மனநலச் சிகிச்சை தேவை என்கிறான். உண்மையைக் கேட்டவளைப் பைத்தியம் ஆக்குகிற வேலை இது. காசு வாங்கியதை விட எனக்கு இதுதான் பெரிய குற்றம்.

அந்த இடத்தில், "ஓம், காசு வாங்கினேன்" என்று அவன் சொல்லியிருக்கலாம். "அப்படிச் சொன்னால் படம் அங்கேயே முடிந்திருக்குமே" என்கிறார் இவர். ஏன் முடிய வேண்டும்? இவனை மன்னிப்பதா வேண்டாமா என்று கேட் ஆறுதலாக இருந்து யோசிப்பதை நாங்கள் பார்த்திருப்போம்.