அது காலி இடமில்லை, லொறிட பிறேக்

பாரம் ஏத்தின லொறிக்கு முன்னால 60 மீற்றர் வெளி கிடந்தா, அதைக் காணுற ஒவ்வொருத்தருக்கும் ஏன் அதுக்குள்ள பூரத்தான் வேணும்? ஏறாவூரிலயும் இதுதான், காத்தான்குடியிலயும் இதுதான், கல்முனையிலயும் இதுதான். லொறிக்காரர் ஒழுங்கா இடைவெளி விட்டு வருவார். ஓட்டோ ஒண்டு வெட்டி உள்ள விழும். அதுக்குப் பின்னால ரெண்டு மோட்டார் சைக்கிள். பின்னால நிக்கிற பஸ், லொறி ஏன் ஊருது எண்டு கோன் அடிச்சே காதைக் கிழிக்கும்.

சனங்களே, அது ஆக்களில்லாத வளவு இல்லை. அந்த லொறிட பிறேக்கே அந்த வெளிதான். அதுக்குள்ள பூருறவர் லொறிட பிறேக்கைக் கழட்டிக்கொண்டு போறார்.

கணக்கைக் கேளுங்க. 60 கிலோமீற்றர் வேகத்தில ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் அளவு ஓடுது. முன்னால சிவப்பு லைட் எரியிறதைக் கண்டு, விளங்கி, கால் பெடலுக்குப் போக ஒண்டரைச் செக்கன். 25 மீற்றர் போயிட்டு, பிறேக் இன்னும் தொடவே இல்லை. எயார் பிறேக், அதாவது காத்து அமுக்கத்தால பிடிக்கிற பிறேக் உள்ள வண்டியெண்டா மிதிச்ச உடனே பிடிக்கவும் மாட்டாது. காத்து குழாய் வழியா பின் சில்லு மட்டும் ஓடி, சில்லடியில இருக்கிற சேம்பர் எண்ட காத்துக் கூட்டை நிரப்பி, சூ எண்ட பிறேக் கட்டையைத் தள்ளி, சில்லோட சுத்துற ட்ரம்மில முட்ட வைக்க அரைச் செக்கன் அளவு போகும். இன்னொரு 8 மீற்றர். அதுக்குப் பிறகுதான் வண்டி நிக்கவே தொடங்குது. நல்ல டயர், காய்ஞ்ச தார், சரியா செட் பண்ணின பிறேக் எல்லாம் இருந்தும் அதுக்கு 30 மீற்றர் வேணும். கூட்டினா 60 மீற்றரைத் தாண்டுது. கார் அதே வேகத்தில, பிறேக் பிடிச்ச இடத்தில இருந்து 20 மீற்றரில நிண்டிடும். கார்க்காரர் தன்ட பிறேக்கை வைச்சு லொறியை அளக்கிறார். அங்கதான் பிழைக்குது.

மணல் டிப்பரை எடுங்க. ஒரு கியூப் எண்டா 100 கன அடி. ஆத்தில அள்ளின ஈரத்தோட 5 தொன் வரும். மூண்டு கியூப் 15 தொன், வண்டிட பாரம் வேற. அதுக்கு முன்னால ஒரு மோட்டார் சைக்கிள் வந்து விழுது: பெற்றோல் தாங்கிக்கு மேல ஒரு பிள்ளை, நடுவில இன்னொண்டு, பின்னால தாய், ஹான்டிலில பள்ளிக்கூட பேக் ஆடுது. டிப்பருக்கும் அந்தத் தாய்ட முதுகுக்கும் 5 மீற்றர் இல்லை. உள்ள வந்த உடனே ஓடுறவர் கடையைக் கண்டு இடப்பக்கம் நிப்பாட்டுறார். என்ன அவசரம் ஐயா உங்களுக்கு? அந்த 5 மீற்றரில டிப்பர் சாரதிட கால் பெடலையே தொடாது.

இனி லொறி, டிப்பர் ஓடுற அண்ணன்மாருக்கு. "இடைவெளி விட்டா இன்னொருத்தன் பூருறான், விட்டு என்ன பிரயோசனம்?" எண்டு கேக்கிறீங்க. ஒருத்தர் பூந்தா அக்சிலேட்டரில இருந்து காலை எடுங்க, அவ்வளவுதான். வேகம் கொஞ்சம் விழும், இடைவெளி திரும்ப வரும். அதுக்கு மூண்டு செக்கன் செலவு. பொத்துவில் போய்ச் சேர முன்னம் 20 பேர் பூந்தாலும் மொத்தம் 60 செக்கன். ஒரு நிமிசத்துக்காகவா முன் பஸ்ஸிட பம்பரில மூக்கை ஒட்டிக்கொண்டு ஓடுறீங்க? இந்த லொறிகளுக்கு முன்னால பொனற்றும் இல்லை, கண்ணாடிக்கு அங்கால உங்கட முழங்கால்தான். உயரத்தில இருக்கிறதால முன் வாகனம் இருக்கிறதை விடத் தள்ளி நிக்கிற மாதிரித் தெரியும். கண்ணை நம்பாதீங்க, எண்ணுங்க. முன் வாகனம் ஒரு மதகையோ லைட் கம்பத்தையோ தாண்டினதும் "ஆயிரத்தொண்டு, ஆயிரத்திரெண்டு" எண்டு தொடங்குங்க. "ஆயிரத்தி நாலு" சொல்லி முடிக்க முன்னம் நீங்க அந்தக் கம்பத்துக்கு வந்தா கிட்டப் போயிட்டீங்க. மழைக்கு எட்டு மட்டும் எண்ணுங்க. மார்கழி மழையில தார் பளபளக்கேக்க, தேய்ஞ்ச பின் டயரோட மிதிச்சா சில்லு இறுகிப்போகும், வண்டி சறுக்கிக்கொண்டே போகும்.

வெறும் லொறி சட்டெண்டு நிக்கும் எண்டு நினைக்கிறதும் பிழை. பாரம் இல்லாட்டி பின் சில்லுக்குப் பிடிமானம் குறைவு. பாரத்தைத் தாங்கிற வில்லுத்தகடு விறைப்பா இருக்கிறதால சில்லு துள்ளும், துள்ளுற சில்லு நிப்பாட்டாது. பதுளையில இருந்து மரக்கறி ஏத்தி லுணுகலை இறக்கத்தால வாறவங்க கியரில இறங்காம பிறேக்கை மிதிச்சுக்கொண்டே வந்தா, ட்ரம் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும். அப்பிடி வாற வண்டிக்கு நாலு செக்கன் எங்க காணும்?

அறுவடைக் காலத்தில இது இன்னும் மோசம். ரோட்டில பாதிக்கு நெல் காயுது, மற்றப் பாதியால ரெண்டு பக்க வாகனமும் ஓடுது. இரவில நெல் மூட்டை அடுக்கின ரெக்டர் பெட்டி, பின்னால ஒரு லைட் இல்லை, ஒரு ரிப்ளெக்டர் இல்லை. நடு ரோட்டில மாடு படுத்துக் கிடக்கு. மாட்டைக் கண்டு முன் வாகனம் நிண்டா, பின்னால ஒட்டி வாறவருக்கு மாடும் தெரியாது, காரணமும் தெரியாது. முதலாளிமாரே, பெட்டிக்கு ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்ட என்ன செலவு? லொறி பிறேக் லைட்டில சேறு அப்பிக் கிடக்கு, குமிழ் செத்துக் கிடக்கு, அதை ஒருத்தரும் பாக்கிறதில்லை. காலமையில ஒருத்தரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பின்னால போய்ப் பாருங்க. அப்பிடியே எயார் பிறேக்கிட காத்துத் தாங்கிக்குக் கீழ இருக்கிற வால்வைத் திறந்து உள்ள தேங்கின தண்ணியையும் வெளிய விடுங்க.

மோட்டார் சைக்கிள் தம்பிமார், லொறியை முந்தினா முந்தினதுதான், உடனே இடப்பக்கம் வெட்டாதீங்க. சைட் கண்ணாடியில லொறிட முன் முகம் முழுசாத் தெரிஞ்சு, அதுக்குப் பிறகும் நாலு எண்ணி, பிறகு உள்ள வாங்க. வந்த உடனே பிறேக் பிடிக்காதீங்க. கண்ணாடியைக் கழட்டி வீட்டில வைச்சிருக்கிறவங்க, முதல்ல அதைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வாங்க.