கிப்சன் கடைசியாக ஓட்டிய விமானத்தில் இன்னொருவரும் இருந்தார்

இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய பிரிட்டிஷ் விமானி கய் கிப்சன் நம்ம சிம்லாவில் பிறந்தவர் என்பது எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும். 1918 ஆகஸ்ட் 12. அப்பா வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி. ஆறு வயதில் அம்மாவோடு இங்கிலாந்து போனார், அந்த அம்மாவோ குடியில் விழுந்து, 1939 கிறிஸ்துமஸ் சமயம் உடையில் தீப்பிடித்து இறந்துபோனார். விமானப்படையில் சேர முதல் தடவை போனபோது கால் நீளம் போதாது என்று இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

உலகத்துக்கு இவரைத் தெரிவது ஒரே ஒரு ராத்திரியால். 1943 மே 16, ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளை உடைக்க இவர் தலைமையில் 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. குளத்தில் ஓட்டாஞ்சில்லை விட்டெறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதேபோல் தண்ணீர்மேல் தத்திப்போய் அணைச் சுவரில் முட்டி, மூழ்கி, பிறகு வெடிக்கிற பீப்பாய் மாதிரி ஒரு குண்டு. அதைச் சுழலவிட்டு, சரியாக 60 அடி உயரத்திலிருந்து போட வேண்டும். கும்மிருட்டில் 60 அடியை எப்படிக் கண்டுபிடிப்பது? விமானத்துக்கு அடியில் இரண்டு விளக்கைச் சாய்த்து மாட்டினார்கள். இரண்டு வெளிச்சமும் தண்ணீரில் ஒன்று சேர்ந்தால் 60 அடி, அவ்வளவுதான். மோனே அணையில் தன் குண்டைப் போட்டு முடித்த கிப்சன், அடுத்து வந்தவர்களுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் பறந்து பீரங்கிகளைத் தன் பக்கம் இழுத்தார். அது வீரம்தான், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் போன 133 பேரில் 53 பேர் செத்துப்போனார்கள். கீழே வெள்ளத்தில் 1,300 பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் ஜெர்மானியரே இல்லை, நெய்ஹைம் முகாமில் அடைத்து வேலை வாங்கப்பட்ட சோவியத் பெண்கள் மாதிரியானவர்கள். இதற்காகக் கிப்சனுக்குக் கொடுத்த விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கம்) கதையில் இவர்கள் வருவதே இல்லை. (கிப்சனின் கறுப்பு நாய்க்கு வைத்திருந்த பெயர் கறுப்பினத்தவரைத் திட்டும் சொல். அணை உடைந்ததைச் சொல்லும் சங்கேத வார்த்தையும் அதுவே. அதையும் ரொம்ப நாள் பாசக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.)

சரி, நான் சொல்ல வந்தது அவர் சாவைப் பற்றி. பதக்கத்துக்கு அப்புறம் அவரை அமெரிக்கா, கனடா என்று ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், நாடாளுமன்ற வேட்பாளராகக்கூட நிறுத்தப் பார்த்தார்கள். பிறகு மேசை வேலை. மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. விடுங்கள் விடுங்கள் என்று அனத்தி, 1944 செப்டம்பர் 19 ராத்திரி ரைட், மன்ஷன்கிளாட்பாக் என்ற ஜெர்மன் ஊர்கள்மீதான தாக்குதலை வானத்திலிருந்து நடத்துகிற பொறுப்பை வாங்கிவிட்டார். அன்றைக்கு ஓட்டவிருந்த மொஸ்கிட்டோ ரக இரட்டை இருக்கை விமானத்தில் அவருக்குப் பெரிய பழக்கம் கிடையாது. ஒதுக்கின விமானம் பிடிக்காமல் வேறொன்றை எடுத்துக்கொண்டார் என்றும், பத்திரமான வழியாகத் திரும்பச் சொன்னதைக் கேட்கவில்லை என்றும் சொல்கிறார்கள். நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கனில் விமானம் விழுந்து எரிந்தது. எரிபொருள் தொட்டியை மாற்றத் தெரியாமல் போயிருக்கலாம் என்கிறார்கள் சிலர், பிரிட்டிஷ் ஆளே தவறாகச் சுட்டுவிட்டான் என்கிறார்கள் சிலர். எனக்கு இந்த விவாதத்தில் அத்தனை ஆர்வமில்லை. 26 வயசுப் பையன், நாலு வருஷமாகச் சாவோடு பழகினவன், ஓய்வு வேண்டும் என்று அவனே கேட்க மாட்டான். மேலே இருந்தவர்கள் கண்டிப்பாக மறுத்திருக்க வேண்டும். புகழ் பெற்ற ஆளிடம் முடியாது என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, அதுதான் விஷயம்.

அந்த விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஜிம் வார்விக், நேவிகேட்டர், அதாவது வழி பார்த்துச் சொல்பவர். எரிந்து கிடந்ததில் ஆளைப் பிரித்துச் சொல்லவே முடியவில்லை. கிப்சன் என்று தெரிந்தது ஒரு காலுறையில் இருந்த சலவை அடையாளத்தால்தான் என்கிறார்கள். அந்த ஊர்க் கல்லறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஊரில் கிப்சன் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, வார்விக் பெயரிலும் ஒன்று இருக்கிறது.