பழைய டிஜிட்டல் படம் தானாக மங்குமா?

"போனில் கிடக்கும் படங்கள் வருடம் ஆக ஆக மங்கும்; அடிக்கடி திறந்து பார்த்தால்தான் தப்பும்" என்றொரு தகவல் சேலத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஆதாரமாக, ஏற்காடு ஏரியின் மங்கலான படம் ஒன்று. தகவல் தவறு.

கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். சுவரில் மாட்டிய போட்டோ போல அவை வெளுக்காது. மெமரி கார்டு பழுதானால் படம் பாதியில் சாம்பல் பட்டையாகும், அல்லது திறக்காது; சீராக மங்காது. திறந்து பார்ப்பதால் ஒன்றும் புதுப்பிக்கப்படுவதும் இல்லை.

ஆனால் மோசமாகத் தெரிவது நிஜம்தான். 2005 வாக்கில் கேமரா போன்கள் பலவும் 640 × 480 அளவில், சுமார் 3 லட்சம் புள்ளிகளில்தான் (பிக்சல்) எடுத்தன. அன்றைய குட்டித் திரைக்கு அது தாராளம். இன்றைய திரைகள் பலவற்றில் 20 லட்சத்துக்கு மேல். இல்லாத புள்ளிகளை இழுத்து நிரப்பினால் ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டில் நிற்கும் மாமா முகம் குழையத்தான் செய்யும்.

நிஜமான சேதம் நம் கைவேலை. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படம் அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. படங்களைச் சுருக்கும் ஜேபெக் (JPEG) முறை, படத்தை 8 × 8 கட்டங்களாகப் பிரித்து நுணுக்கங்களைக் கழிக்கும். வந்ததை வெட்டி, ஒட்டி, 'காலை வணக்கம்' எழுதி மறுபடி அனுப்ப, மீண்டும் கழியும். கோப்பை அப்படியே நகலெடுத்தாலோ டாக்குமென்ட்டாக அனுப்பினாலோ ஒரு புள்ளியும் குறையாது.