பாரத்தைக் குறைக்க முதல் டயரைப் பாருங்கள்

மவுண்டன் பைக் வாங்கிய தம்பிமார் கொஞ்ச நாளில் கேட்பது இதைத்தான்: "அண்ணன், சரியான பாரமாக் கிடக்கு, உழக்க ஏலாது. எதை மாத்தினாப் பாரம் குறையும்?" பிறகு அலுமினிய ஹாண்டில், மெல்லிய சீற் என்று கொழும்பிலிருந்து எடுப்பித்துக் காசைக் கொட்டுகிறார்கள். மட்டக்களப்புக்குள் ஓடுகிறவருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் வீண் என்பதுதான் என் கருத்து. இங்கே உங்களைப் பிடித்து இழுப்பது டயர்.

ஆரம்ப விலை மவுண்டன் பைக் ஒன்று 14, 15 கிலோ வரும். ஓட்டுகிறவர் 65 கிலோ என்றால் மொத்தம் 80. பாடுபட்டு 2 கிலோ குறைத்தாலும் அது நூற்றுக்கு இரண்டரை வீதம்தான். ஏற்றத்தில் அது காலுக்குத் தெரியும். செங்கலடியால் பதுளை வீதியில் ஏறி, பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் போகிறவர் பாரத்தைப் பற்றிக் கவலைப்படட்டும். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை வீதி சமதரை. சமதரையில் சக்தியைத் தின்பவை இரண்டு: டயரின் உருளல், எதிர்க்காற்று.

கட்டை கட்டையாகப் பூ வைத்த டயர் சேற்றுக்கும் இளகிய மண்ணுக்கும் செய்தது. கார்பெட் வீதியில் ஒவ்வொரு கட்டையும் நசுங்கி நிமிர்கிறது, நீங்கள் உழக்கியதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. 2.1 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 1.5 அங்குல வழுவழு டயர் போட்டுப் பாருங்கள், முதல் நாளே வித்தியாசம் தெரியும். பாரமும் சேர்ந்து குறையும், அதுவும் சுற்றுகிற இடத்தில்.

வாங்கும்போது ஒன்றில் கவனம். கடையில் "26 டயர்" என்று மட்டும் கேட்காதீர்கள். சாதாரண சைக்கிளுக்கு வரும் 26 x 1 3/8 டயர் மவுண்டன் பைக் ரிம்மில் ஏறாது. டயரின் பக்கத்தில் சின்னதாக 40-559 என்கிற மாதிரி ஒரு இலக்கம் இருக்கும். 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622. சாதாரண சைக்கிளின் 26 x 1 3/8க்கு 590. கடைசியில் உள்ள அந்த மூன்று இலக்க எண் உங்கள் பழைய டயரோடு ஒத்துவந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.

புது டயருக்குக் காசில்லையா? சரி, இருக்கிற டயருக்கே ஒழுங்காகக் காற்றடியுங்கள். பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், கையால் அமத்திப் பார்த்துத் திருப்திப்படாமல், மானி வைத்த பம்பால் அடியுங்கள். விரலுக்கு இறுக்கமாகத் தெரியும் டயர்கூடப் பல நேரம் அரைக் காற்றில்தான் ஓடுகிறது.

அடுத்தது காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உழக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேகம் 20இலிருந்து 25 கிலோமீற்றருக்குக் கூடும்போது காற்றின் தடை ஒன்றரை மடங்கையும் தாண்டுகிறது. மவுண்டன் பைக்கில் நிமிர்ந்து, கையை அகல விரித்து இருக்கிறோம், நெஞ்சு முழுக்கக் காற்று. ஹாண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே உள்ள வளையங்களில் ஒன்றிரண்டை மேலே மாற்றினால் ஹாண்டில் தாழும். முழங்கையை மடக்கி ஓடுங்கள். செலவு ஒன்றுமில்லை, ஒரு எலன் கீ போதும். (மாற்றியபின் முன்பக்கம் ஆடாமல் இறுக்கத் தெரியாவிட்டால் கடையில் கொடுங்கள்.)

பாரம்தான் குறையவேண்டும் என்று நிற்பவர்களுக்கு, மலிவு பைக்கில் கூடுதல் பாரமான பாகங்களில் ஒன்று முன் சொக், அதாவது முன் சில்லைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் ஃபோர்க். ஸ்பிரிங் வைத்த சொக்கை எடுத்துவிட்டுச் சாதாரண ஃபோர்க் போட்டால் ஒரு கிலோவுக்குக் குறையாமல் போகும், எழும்பி நின்று உழக்கும்போது முன்பக்கம் அமுங்காது. ஆனால் புது ஃபோர்க்கின் உயரம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் தாழ்ந்து ஹாண்டில் துடிக்கும். கிரவல் பாதையில் அடிக்கடி போகிறவர் இதைத் தொடவே வேண்டாம். சொக்கை அமுங்காமல் பூட்டும் திருகி இருந்தால் தார் வீதியில் பூட்டிவிடுங்கள்.

சீற்றைப் பதிவாக வைத்து முழங்காலை மடக்கி உழக்குவதை எங்கும் காண்கிறேன். பெடல் அடியில் நிற்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக வரும் அளவுக்கு உயர்த்துங்கள். செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயில் வேண்டவே வேண்டாம், கடற்கரை மணலை அது அள்ளிப் பிடிக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, கணுவுக்கு ஒரு துளி நல்ல ஒயில் விட்டு, மேலால் துடையுங்கள்.

பாரம் குறைக்கிறேன் என்று மணியையும் பின் ரிஃப்ளெக்டரையும் கழற்றுகிறவர்களோடு எனக்குக் கோபம். அவை சில கிராம். இரவில் கல்முனை வீதியில் பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்களைக் காட்டுவது அந்தச் சிவப்புத் துண்டுதான்.