போகாத கப்பலில் உங்களுக்கு எதற்கு நான்கு அறை?

இன்று காலை 6.40-க்கு வாட்ஸ்அப்பில் அண்ணியிடமிருந்து செய்தி. “ராத்திரியே விட்டுட்டேன்மா. இப்ப சந்தோஷம்தானே?” கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. விட்டது, பணம் கட்டாமல் அவர் பிடித்து வைத்திருந்த ஒரு கப்பல் அறையை. எத்தனை மணிக்கு விட்டார்? ஏன் எனக்குச் சொல்லாமல் விட்டார்? எங்கள் ஏஜெண்டுக்கு உடனே அடித்தேன். எடுக்கவில்லை. இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் அவர் கடை திறப்பது பத்தரைக்கு. அதுவரை எனக்கு வேலை ஓடவில்லை. பத்தரைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அந்த ரூம் இல்லக்கா. ராத்திரி திறந்திருக்கு. காலையிலேயே வேற யாரோ எடுத்துட்டாங்க.”

பதினொரு நாள். பதினொரு நாளாக நான் காத்திருந்த அறை அது. ஒரே ஒரு போன் போட்டிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும். அதை ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றில் விட்டுவிட்டுக் காலையில் சந்தோஷமா என்று கேட்கிறார்.

ஜூன் பள்ளி விடுமுறைக்குக் கப்பலில் அறை தேடியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். எல்லோருக்கும் அதே நான்கு வாரம். எல்லோருக்கும் அதே பெனாங்கு, புக்கெட். விமானம் ஏற வேண்டியதில்லை, வீட்டிலிருந்து டாக்சி பிடித்தால் மரினா பே முனையம், அங்கிருந்து நேரே கட்டில். அதனால்தான் வயதானவர்களை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கப்பல் பேச்சு வருகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது.

அப்பாவுக்கு இந்த ஜூனில் 70. அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அம்மா பிறந்தது பெனாங்கில். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில்தான் அவர்கள் கல்யாணம் நடந்தது. பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருக்கும் நடக்க முடியாது, இங்கே வர முடியாது. பெனாங்கில் கப்பல் கரையோரமாகவே நிற்கும். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் கோயில் பக்கத்தில்தான், நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். அக்காவும் தங்கையும் அரை நாள் உட்கார்ந்து பேசலாம். நான் கேட்டது அவ்வளவுதான். அந்த அரை நாள்.

அதற்கு எங்களுக்கு வேண்டியது ஒரே வகை அறை. கதவு அகலமாக இருக்க வேண்டும், குளியலறை வாசலில் படி இருக்கக் கூடாது, சுவரில் பிடிமானக் கம்பி வேண்டும். சாதாரண அறையின் குளியலறையில் சக்கர நாற்காலி நுழையவே நுழையாது. ஆயிரத்துக்கும் மேல் அறை இருக்கும் கப்பலிலும் இந்த மாதிரி அறை சொற்பம்தான். அதில் உள்ளறை எத்தனை, பால்கனி அறை எத்தனை என்று பிரித்துப் பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் போய்க் கேட்டபோது எல்லாம் போய்விட்டது. “ஒண்ணு ஹோல்டுலதான் இருக்குக்கா, பணம் கட்டல. விழுந்தா எடுத்துடலாம்” என்றார் ஏஜெண்ட். யாரோ முன்பணம் கட்டாமல் பிடித்து வைத்திருக்கிறார், அவர் விட்டால் எடுக்கலாம் என்று அர்த்தம். நானும் காத்திருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அங்கேதான் அண்ணியைப் பார்த்தேன். என் பெரியப்பா மகனின் மனைவி. மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார், தட்டில் பிரியாணி. அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். கப்பலுக்கு முயற்சி பண்ணுகிறோம், அறை கிடைக்கவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “நாங்களும் அதே கப்பல்தாம்மா பாக்குறோம்!”

“எடுத்துட்டீங்களா அண்ணி?”

“இன்னும் இல்ல. புடிச்சு வச்சிருக்கேன்.”

“எத்தனை?”

விரல் மடக்கி எண்ணினார். சைனாடவுனில் ஒரு ஏஜெண்டிடம் ஒன்று. ஆபீஸ் தோழிக்குத் தெரிந்தவரிடம் ஒன்று. சுற்றுலாக் கண்காட்சியில் அட்டை கொடுத்த பையனிடம் ஒன்று. அப்புறம் அதே பையனிடம் இன்னொன்று. அவர்கள் வீட்டில் நான்கு பேர். நான்கு பேர் ஒரே அறையில் படுக்கலாம், மிஞ்சிப் போனால் இரண்டு அறை. கையில் இருப்பது நான்கு.

“எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான். எவன் கடைசியில விலையைக் குறைக்கிறானோ அவன்கிட்ட எடுத்துக்கலாம். காசா பணமா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரேதான் மேலே பேசினார். “அதுல ஒண்ணு ரொம்பப் பெரிசும்மா. பாத்ரூமே ஒரு ரூம் மாதிரி இருக்குமாம். வீல்சேர் ரூமாம், ஆனா யார் வேணா ஹோல்டு பண்ணலாமாம். ஃபாரம் பின்னால குடுத்தாப் போதும்னான்.”

அந்த நிமிடத்தை நேற்றிலிருந்து எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் கரண்டியால் கோழித்துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். சொன்ன தொனியில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கடையில் இரண்டு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதைப் பார்ப்பது போலச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருப்பவளின் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். இரண்டு நிமிடம் முன்புதான் அவரே விசாரித்தார். பெரிய பாத்ரூம் என்பதற்கும் அந்த நாற்காலிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“அண்ணி, அந்த ரூம்தான் அம்மாவுக்கு வேணும். பதினோரு நாளா அதுக்குத்தான் காத்திருக்கோம்.”

“அப்படியா! தெரியாமப் போச்சே. இரு, உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.”

அண்ணன் பத்தடி தள்ளிப் பாயசத்துக்கு நின்றிருந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி, குடும்பத்தில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னேன். விடுவதாக இருந்தால் முதலில் எனக்கு ஒரு போன். எங்கள் ஏஜெண்ட் கம்ப்யூட்டர் முன்னால் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் ஆள் விடுகிற அதே நிமிடம் எங்கள் ஆள் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை பொதுவில் விழுந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். மேசையில் ஒரு தடவை சொன்னேன். கை கழுவப் போகும்போது ஒரு தடவை. கீழே காருக்கு நடக்கும்போது ஒரு தடவை. மூன்று தடவையும் தலையை ஆட்டினார். ராத்திரி ஒன்பது மணிக்கு அதையே எழுதியும் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

பதினொரு மணிக்கு மேல் அந்தப் பையனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவன் வீட்டிலிருந்தே விட்டுவிட்டான். எனக்குச் சொல்வதைக் காலை வரை தள்ளிப்போட்டுவிட்டார்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. ஹோல்டு என்றால் ஓரிரு நாளில் தானாகக் காலாவதியாக வேண்டும். முன்பணம் கட்டாவிட்டால் கப்பல் நிறுவனத்தின் கம்ப்யூட்டரே அறையை எடுத்துவிடும். அப்படியென்றால் பதினொரு நாள் எப்படி நின்றது? ஏஜெண்டிடம் கேட்டேன். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். காலாவதி ஆகிற நேரம் பார்த்து அதே ஆள் மறுபடியும் எடுப்பார்களாம். பெயர்கூட வேண்டாமாம், பின்னால் கொடுக்கிறோம் என்று போட்டுவிடலாமாம். அந்த அறை இந்தப் பதினொரு நாளில் நாலைந்து தடவை விழுந்து எழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

காசா பணமா என்று கேட்கிறீர்களே, ஆமாம், காசுதான். உங்கள் காசு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் மூன்று ஏஜெண்டிடம் கேட்டால் மூன்று கப்பலிலிருந்து அறை வருவதில்லை. ஒரே கப்பல், ஒரே கையிருப்பு. ஏஜெண்ட் முன்கூட்டியே வாங்கி வைத்த தொகுப்பிலிருந்து ஒன்று வந்தாலும் மற்றது பொதுவிலிருந்துதான் போகிறது. கப்பல் அறைக்கு நிலையான விலை இல்லை, விற்க விற்கப் பெரும்பாலும் ஏறும். யாரும் தூங்கப் போகாத அறைகள் கையிருப்பிலிருந்து மறைந்தால் நிஜமாகவே போகிறவன் தலையில் விலை ஏறுகிறது. முதல் நாள் கேட்ட விலைக்கும் இன்று காலை கேட்ட விலைக்கும் ஓர் அறைக்கு 340 சிங்கப்பூர் வெள்ளி வித்தியாசம். அந்த 340 வெள்ளியை யாரிடம் போய்க் கேட்பேன்?

மூன்று பேர், நான்கு பேர் படுக்கும் அறை இதைவிட மோசம். அதில் கட்டில் கணக்கு மட்டும் இல்லை, உயிர்காப்புப் படகில் இடமும் பார்க்க வேண்டும். 1912-ல் டைட்டானிக் மூழ்கியது, 1914-ல் அதற்கென்று சர்வதேச ஒப்பந்தம் வந்தது, இன்று எல்லோருக்கும் உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ இடம் இல்லாமல் கப்பல் கிளம்ப முடியாது. ஒரு பகுதிக்கான படகு இடம் நிரம்பிவிட்டால் அங்கே அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளை ஏற்ற மாட்டார்கள். அண்ணி பிடித்து வைத்திருந்த நான்கு அறையில் அறைக்கு நான்கு பேர் என்று போட்டிருந்தால் பதினாறு பேருக்கான இடம். போகப்போவது நான்கு பேர். பிள்ளைகளோடு அலைகிற எத்தனை குடும்பத்துக்கு “இரண்டு பேர்னா இருக்கு, நாலு பேருக்கு இல்லை” என்ற பதில் இப்படி வந்திருக்கும்?

விலை விசாரிக்காதே என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேரிடம் விசாரியுங்கள். துறைமுக வரி சேர்த்தா, கப்பல் ஊழியர்களுக்கான பணிப்படி சேர்த்தா, கப்பலில் செலவழிக்கத் தொகை தருவார்களா, எல்லாம் கேளுங்கள். உழைத்த காசு, கேட்கத்தான் வேண்டும். விலை கேட்பதற்கு அறையைப் பிடிக்க வேண்டியதில்லை. பிடிப்பது ஒரே ஒருவரிடம். வேண்டாம் என்று முடிவானால் அன்றே சொல்லிவிடுவது, அடுத்தவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் அவரிடம் சொல்லிவிட்டு விடுவது. இதற்குச் சட்டமா வேண்டும்?

உணவங்காடியில் இடம் பிடிக்க மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகிற ஊர்தான் இது. அதை நான் குறை சொன்னதில்லை. ஆனால் அங்கேகூட ஒரு பாக்கெட், ஒரு மேசை. ஒரே ஆள் நான்கு மேசையில் பாக்கெட் வைத்துவிட்டு எந்த மேசைமேல் காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால், தட்டோடு நிற்கிற வயதானவர்கள் முன்னால் அதைச் செய்ய யாருக்காவது மனசு வருமா? கப்பலில் வருகிறது. நிற்கிறவர் முகம் தெரியாததால் வருகிறது. எங்கள் விஷயத்தில் முகம் தெரிந்தும் வந்தது.

ஏஜெண்டுகளையும் சொல்லத்தான் வேண்டும். சக்கர நாற்காலி அறையை, வருகிறவருக்குத் தேவை உண்டா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் பிடித்துக் கொடுத்தானே அந்தப் பையன், அவனுக்கு இது வெறும் விற்பனையா? கப்பல் நிறுவனத்துக்கும் இதைத் தடுக்க வழி இருக்கிறது. அந்த வகை அறைக்கு மட்டுமாவது பெயர் இல்லாமல் ஹோல்டு கிடையாது, சக்கர நாற்காலித் தேவையைச் சொல்லும் படிவம் முதலில் என்று வைத்தால் போதும். அதே நேரம் எங்கள் தேக்கா ஏஜெண்டையும் நினைத்துப் பார்க்கிறேன். பதினொரு நாளாகத் தினம் இரண்டு தடவை அந்த அறையைத் தட்டிப் பார்த்திருக்கிறார். நாங்கள் எடுத்தால்தான் அவருக்குக் கமிஷன், இல்லாவிட்டால் ஒரு காசு கிடையாது. மூன்று பேரிடம் பிடித்து வைத்து ஒருவரிடம் எடுக்கிறவர்கள் மற்ற இரண்டு பேரின் உழைப்பையும் சேர்த்துத்தான் தூக்கி எறிகிறார்கள்.

மதியம் பொறுக்க முடியாமல் அண்ணிக்குப் போன் போட்டேன். அறை போய்விட்டது என்றேன். “அய்யோ, நான் உனக்காகத்தானேம்மா விட்டேன்” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அது குரலில் தெரிந்தது. அதனால் திட்டவும் முடியவில்லை. பிறகு சொன்னார், அவர்கள் கப்பலுக்கே போகவில்லையாம். பையனுக்கு ஏதோ முகாம் இருக்கிறதாம், இரண்டு நாள் பக்கத்துப் பாத்தாம் தீவுக்குப் போய் வந்தால் போதும் என்று அண்ணன் போன வாரமே சொல்லிவிட்டாராம். போன வாரமே.

மீதி மூன்று அறை? “அது தானா விழுந்துடும்மா.”

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “அவகிட்ட இப்பச் சொல்லாதே. அக்காவுக்குப் போன் போட்டுத் தேதி சொல்லிட்டா” என்றார். வெயிட்லிஸ்டில் பெயரை எடுக்க வேண்டாம் என்று ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை பத்தரைக்கு மறுபடியும் அடிப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறை ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டென்று சத்தம். கழியில் காயப்போட்ட இரண்டு போர்வைமேலும் மேல்வீட்டு ஈரத் துடைப்பத் தண்ணீர். பிழியாமல் தொங்கவிடாதீர்கள் என்று போன மாதம்தான் படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார்கள்.