முன்பணம் கட்டிப்போடுமா? ஓர் உண்மை விளக்கம்

"செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும்வரை வெளியேறக் கூடாது, அது ஒப்பந்தம்தான், கொத்தடிமை அல்ல" என்றொரு வாட்ஸ்அப் செய்தி மதுரை வட்டாரத்தில் வீடு கட்டுவோரிடையே சுற்றி வருகிறது. இது தவறு. முன்பணம் கொடுப்பது மட்டும் குற்றமாகாது. ஆனால் அதைக் காட்டி ஒருவர் வேறு வேலைக்கோ ஊருக்கோ போவதைத் தடுத்தாலும், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தாலும், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமை முறையே. அந்தக் கடன் செல்லாது. அதை வசூலிப்பதே குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு. சங்கிலி இருந்தால்தான் அடிமைத்தனம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வறுமையின் நெருக்கடியும் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே கூறிவிட்டது. கல் மலிவாகக் கிடைக்கும்போது, அறுத்தவருக்கு ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி என்று சூளையிலேயே கேளுங்கள். ஐயம் எழுந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.