ஐ.எஃப்.எஸ்.ஸில் (இந்திய வெளியுறவுப் பணியில்) சேரும் முன்பே வெளிநாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

பிரெஞ்சு, ஜெர்மன் மாதிரி ஒரு மொழிச் சான்றிதழ் இருந்தால்தான் ஐ.எஃப்.எஸ். கிடைக்கும் என்று ஒருவர் கருத்துப் பதிவிட்டிருக்கிறார். ராயபுரம், வியாசர்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் இதைப் பார்க்கிறேன். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கும். ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

மொழி, பணியில் சேர்ந்த பிறகுதான் வருகிறது. முசோரி குடிமைப் பணி அகாடமியிலும் பிறகு டெல்லியில் வெளியுறவுப் பணிக்கான சுஷ்மா ஸ்வராஜ் நிறுவனத்திலும் பயிற்சி முடியும்போது, ஆளுக்கொரு கட்டாய அயல்மொழியை ஒதுக்குவார்கள். கொஞ்ச காலம் வெளியுறவு அமைச்சகத்தில் வேலை. அதன்பின் அந்த மொழி பேசும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் மூன்றாம் செயலராக முதல் நியமனம். மொழி வகுப்பும் அங்கேதான். அந்த மொழித் தேர்வில் தேறினால்தான் பணியில் தொடர முடியும். பிரெஞ்சு படித்துவிட்டுப் போனவருக்கு அரபியோ சீனமோ விழலாம். ஆசைக்குப் படியுங்கள், தப்பில்லை; இதற்காகக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள்.

சரிபார்க்க, யு.பி.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தளத்தில் குடிமைப் பணித் தேர்வு அறிவிக்கையைத் திறந்து முதன்மைத் தேர்வுப் பகுதிக்குப் போங்கள். மொழித் தகுதித் தாள்கள் ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும்தான். விருப்பப் பாடப் பட்டியலிலும் பிரெஞ்சு, ஜெர்மன் இலக்கியம் இருக்காது. மொழி ஒதுக்கும் முறை வெளியுறவு அமைச்சகத் தளத்தில், இந்திய வெளியுறவுப் பணி பற்றிய பக்கத்தில் உள்ளது.